நம் கைக்கு வரும் முதல் வாக்குச்சீட்டு

அமெரிக்காவில் மின்சாரக் கூட்டுறவு சங்கங்களின் எல்லைக்குள் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை மேடையில் தபால்கள் குவிந்து கிடந்தன. கடன் அட்டை விளம்பரம், பீட்சா கூப்பன், நடுவே பிரிக்காத வெள்ளை உறை ஒன்று. உள்ளே வாக்குச்சீட்டு இருப்பதாக அதன் மேலேயே அச்சடித்திருந்தது. "இது என்னங்க?" என்று கேட்டேன். "கரண்ட் கம்பெனிக்காரன் ஏதோ அனுப்பியிருக்கான். பில் தானா போயிடுது, அதனால எதையும் பிரிக்கிறதில்ல" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் ஆறு வருடம் அந்த உறையைப் பிரிக்காமல் குப்பையில் போட்டவன்தான். அது இன்றும் மனதை உறுத்துகிறது. இந்த மடல் எழுதுவதே அதனால்தான்.

அது கம்பெனி இல்லை, சங்கம். ஊரில் பால் சங்கத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் உறுப்பினராக இருந்தார்களே, அதே மாதிரி. ஜார்ஜியாவில் கம்மிங் பக்கம் சானி, டல்லஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, லிட்டில் எல்ம் பகுதிகளில் பல தெருக்களுக்கு கோசெர்வ், ஆஸ்டினை ஒட்டிய சீடர் பார்க், லியாண்டரில் பெடர்னேல்ஸ், வடக்கு வர்ஜீனியாவில் பல இடங்களில் நோவெக் என்று இடத்துக்கு ஒரு மின்சாரச் சங்கம். நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும் இந்த ஊர்கள் ஒரு காலத்தில் வெறும் வயல்கள். வயலுக்குக் கம்பி இழுத்த சங்கம்தான் இன்று நம் வீட்டுக்கும் மின்சாரம் தருகிறது. நாடு முழுக்க இப்படி 900-க்கு நெருக்கமான சங்கங்கள் உண்டு. 4 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அவற்றை நம்பி இருக்கிறார்கள்.

மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர், அவரேதான் உரிமையாளர். வருட முடிவில் மிஞ்சும் பணம் அவர் பெயரில் வரவு வைக்கப்பட்டு, பல வருடம் கழித்துத் திரும்ப வரும். ஆளுக்கு ஒரு வாக்கு. ஐந்து படுக்கையறை வீட்டுக்கும் ஒன்றுதான், வாடகை அபார்ட்மெண்டுக்கும் ஒன்றுதான். விதிகள் சங்கத்துக்குச் சங்கம் கொஞ்சம் மாறும். ஆனால் உறுப்பினர் ஆவதற்குப் பொதுவாகக் குடியுரிமை கேட்பதில்லை. நம்மில் எத்தனையோ பேர் கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து வருடமாக நிற்கிறோம். வரி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள், வாக்கு மட்டும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு இந்த நாட்டில் முதன்முதலாகக் கைக்கு வரும் வாக்குச்சீட்டு அந்த வெள்ளை உறைக்குள் இருக்கிறது.

இந்தச் சங்கங்கள் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். 1930-களின் நடுவில் இங்கே நகர வீடுகளில் பெரும்பாலானவற்றில் விளக்கு எரிந்தது. பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம். மைலுக்கு இரண்டு மூன்று வீட்டுக்காகக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் நிறுவனங்கள் கையை விரித்தன. 1935 மே 11 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்மய நிர்வாகத்தை ஏற்படுத்தினார், மறு வருடம் சட்டமும் வந்தது. அரசு கடன் கொடுத்தது. ஆளுக்கு ஐந்து டாலர் போட்டு விவசாயிகளே சங்கம் அமைத்தார்கள். எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு முதல்முறை போனபோது பக்கத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். அவர்கள் வயலோரக் கம்பத்துக்கு அவருடைய அப்பாதான் குழி தோண்டினாராம். உள்ளங்கையை விரித்து, அப்பாவின் கை கொப்புளம் போட்டிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். அப்புறம், "உங்கள் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தெருப் பெயரைச் சொன்னேன். "அது எங்கள் பெரியப்பா சோளம் போட்ட நிலம்" என்றார். அந்தப் பள்ளிக்கூட அரங்கில் அறுபது பேர் இருந்திருப்போம். இந்திய முகம் என்னுடையது மட்டும்தான்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நிலக்கரியிலிருந்தா, எரிவாயுவிலிருந்தா, சோலாரிலிருந்தா என்பதில் அந்த அரங்கில் தேர்ந்தெடுக்கப்படும் இயக்குநர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பெரும்பாலான சங்கங்கள் தாங்களே மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை. பல சங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு பெரிய சங்கத்திடம் மொத்தமாக வாங்குகின்றன. அந்தப் பெரிய சங்கங்களில் பல, 1970-களிலும் 80-களிலும் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம் கட்டின. புது மின் நிலையங்களில் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்க 1978-ல் சட்டமே கட்டுப்பாடு போட்டிருந்தது. அதனால் அன்றைக்கு நிலக்கரிக்குப் போனது தப்பான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிலையங்களின் கடனை அடைக்கப் பல பத்தாண்டு நீளும் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. தேவையில் 95 சதவீதத்தை எங்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டிப்போட்ட ஒப்பந்தங்களும் உண்டு.

நியூ மெக்சிகோவில் டாவோஸ் (Taos) ஊரில் இருக்கும் கிட் கார்சன் சங்கம் அப்படித்தான் ட்ரை-ஸ்டேட் என்ற பெரிய சங்கத்தோடு 2040 வரை கட்டுண்டு இருந்தது. சொந்த சோலாருக்கு 5 சதவீதம்தான் இடம். 2016-ல் அவர்கள் 3.7 கோடி டாலர் விலகல் தொகையை ஏற்றுக்கொண்டு வெளியே வந்தார்கள். 2022-ல், வெயில் அடிக்கும் பகல் நேரத்துத் தேவை முழுவதையும் சோலாரிலிருந்தே எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பணக்கார ஊர் இல்லை அது. கொலராடோவில் டெல்டா-மாண்ட்ரோஸ் 2020-லும், யுனைடெட் பவர் 2024-லும் அதே வழியில் விலகின. எல்லாரும் விலக வேண்டும் என்பதில்லை. ட்ரை-ஸ்டேட்டே நியூ மெக்சிகோவில் இருந்த தன் எஸ்கலான்டே நிலக்கரி நிலையத்தை 2020-ல் மூடிவிட்டது. உறுப்பினர்கள் கேட்கக் கேட்கத்தான் பெரிய சங்கமும் அசைகிறது.

டெக்சஸ்காரர்களுக்கு 2021 பிப்ரவரி மறந்திருக்காது. உறைபனியில் எரிவாயுக் கிணறும் மின் நிலையமும் சேர்ந்தே முடங்கின. மின்சாரத்தின் மொத்தக் கொள்முதல் விலை மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 9,000 டாலரில் நாள்கணக்கில் நின்றது. கோசெர்வ் உள்ளிட்ட சங்கங்களுக்கு மின்சாரம் தந்த பிரேசோஸ் என்ற பெரிய சங்கம், சுமார் 200 கோடி டாலர் பில்லைக் கட்ட முடியாமல் மார்ச் 1 அன்று திவால் மனு கொடுத்தது. அந்தச் சுமை கடைசியில் உறுப்பினர்கள் தலையில்தான் இறங்கியது. எங்கே, எதை, எவ்வளவு விலைக்கு வாங்குவது என்பதை நாம் பார்க்காமல் விட்டாலும் பணம் நம் வீட்டிலிருந்துதான் போகிறது.

சரி, மாற்றத்துக்குப் பணம் எங்கே? 2022-ல் வந்த சட்டம் கிராம மின் சங்கங்களுக்கென்றே 970 கோடி டாலர் ஒதுக்கியது. அதுவரை வருமான வரி கட்டாத சங்கங்களுக்குப் பயன்படாமல் இருந்த சோலார் வரிச் சலுகையை நேரடிப் பணமாகவே தரவும் வழி செய்தது. 2025 ஜூலையில் வந்த அடுத்த சட்டம் அந்தக் கதவைப் பாதி சாத்திவிட்டது. 2026 ஜூலை 4-க்குப் பிறகு வேலை தொடங்கும் சோலார், காற்றாலைத் திட்டங்கள் 2027 முடிவதற்குள் ஓடத் தொடங்கினால்தான் சலுகை. பேட்டரிக்கு இன்னும் அவகாசம் உண்டு. ஆகவே இதில் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருக்கும் நிர்வாகக் குழு நம் பணத்தைத்தான் கை நழுவ விடுகிறது.

ஆண்டுக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவருக்குச் சோலார் என்றாலே சந்தேகம். விளைநிலம் போய்விடும், நிலக்கரி நிலையத்தில் வேலை பார்க்கும் தன் பேரன் எங்கே போவான் என்று கேட்டார். நியாயமான கேள்விகள். குளிர்கால விடியற்காலையில் சோலார் கை கொடுக்காது என்றார், அதுவும் உண்மை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. எந்த வருடம் எது மூடும், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு, அதற்குள் எவ்வளவு பேட்டரி என்று எழுதிய திட்டம் வேண்டும் என்கிறேன். அதை உறுப்பினர் கேட்டால்தான் எழுதுவார்கள்.

கேட்க முடியும் என்பதற்கு பெடர்னேல்ஸே சாட்சி. வெளியிலிருந்து யாரும் போட்டியிடவே முடியாதபடி இருந்த அந்தச் சங்கத்தில் உறுப்பினர்கள் 2007-ல் வழக்குப் போட்டார்கள். 2008-ல் இயக்குநர் பதவிகளுக்கு உண்மையான போட்டித் தேர்தல் நடந்தது.

நம் தமிழ்ச் சங்கத் தேர்தலுக்கு நள்ளிரவு வரை வாட்ஸ்அப்பில் வாதாடுகிறோம். அதில் கால்வாசி அக்கறை போதும். பெரும்பாலான மின் சங்கங்களில் பத்தில் ஒருவர்கூட வாக்களிப்பதில்லை, எங்கள் இயக்குநர் ஒருவர் ஜெயித்ததே சில பத்து வாக்கு வித்தியாசத்தில்தான். ஒரு தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் போதும். வேட்பாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். மொத்தக் கொள்முதல் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது? அதில் எத்தனை சதவீதம் நாமே உற்பத்தி செய்யலாம்? கூரை சோலாரில் மிஞ்சுவதற்கு என்ன விலை? டேட்டா சென்டர்களுக்காகப் போடும் கம்பிச் செலவு வீட்டு பில்லில் ஏறுமா? கடைசிக் கேள்வி நம்மில் பலருக்குச் சங்கடமானது, நாம் வேலை பார்ப்பதே அந்தத் துறையில்தான். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

அன்று நண்பர் வீட்டில் உறையைப் பிரித்தோம். மீட்டர் அவர் மனைவி பெயரில் இருந்ததால் வாக்கும் மனைவியுடையதுதான். மூன்று வேட்பாளர்களின் குறிப்பையும் அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதே அந்த அம்மா நின்றபடி படித்தார். ஒருவர்கூட மின்சாரம் எங்கிருந்து வாங்குவோம் என்று ஒரு வரி எழுதவில்லை. "இவங்களுக்கு போன் பண்ணிக் கேட்கலாமா?" என்றார். குறிப்பின் கீழேயே எண்கள் இருந்தன. மறுநாள் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் சீட்டை நிரப்பினார்.

உங்கள் சங்கத்தின் துணை விதிகளைப் படிக்க யாராவது கூட இருந்தால் தேவலை என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை காலைகளில் போனில் சேர்ந்தே படிக்கலாம்.

அன்புடன்,
உங்களைப் போலவே மீட்டர் வைத்திருக்கும் ஓர் உறுப்பினர்