பிரசங்க பீடத்தை வேட்பாளருக்குக் கொடுக்காதீர்கள்
தமிழ்நாட்டுப் போதகர்களுக்கும் பேராயர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா, அம்மா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

பிரசங்கத்தில் அரசியல் பேசலாமா என்று கேட்டால், “நமக்கு எதற்கு அரசியல், ஆத்தும ஆதாயம் போதும்” என்பீர்கள். தேர்தல் வந்ததும் அதே பீடத்திலிருந்து இன்னாருக்குப் போடுங்கள் என்று ஜாடையாகச் சொல்கிறீர்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. அநீதியைப் பற்றிப் பேசுங்கள். அது ஆளுங்கட்சியைச் சுட்டாலும் பேசுங்கள். ஓட்டு மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் வட்டாரத்துச் சபை ஒன்றில், ஆராதனை தொடங்கிய பிறகு வேட்பாளர் கட்சிக்கரை வேட்டியோடு உள்ளே வந்தார். முன்வரிசையில் இருந்த வயதானவர்களை எழுப்பி இடம் கொடுத்தார்கள். அறிவிப்பு நேரத்தில் சால்வை போர்த்தி, தலையில் கைவைத்து ஜெபித்து, மைக்கையும் கையில் கொடுத்தார்கள். ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாக அவர் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. மாற்றுக் கட்சியைச் சேர்ந்த ஒரு சகோதரர் திருவிருந்து எடுக்காமலே எழுந்து போனார். அவரைத் தேடி யாரும் போகவில்லை. ஒரு சுற்றுச்சுவருக்காக ஓர் ஆத்துமாவை இழக்கலாமா, ஐயா?

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. மத வளாகங்களை அரசியல் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது முறைகேடு என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் உறுதிசெய்தது. ஆனால் வழக்குக்குப் பயந்து நீங்கள் இதை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

யோவான் ஸ்நானகனைப் பாருங்கள். தன்னிடம் வந்த ஆயக்காரரிடம், அதாவது வரி வசூலிப்பவர்களிடம், குறித்ததற்கு மேல் வாங்காதே என்றான். போர்ச்சேவகரிடம், யார்மீதும் பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளமே போதும் என்று இரு என்றான். ஆட்சியிலிருந்த ஏரோதையும் முகத்துக்கு நேரே கண்டித்துச் சிறைக்குப் போனான். ஆனால் ஏரோதுக்குப் பதிலாக இன்னாரை உட்காரவை என்று அவன் சொன்னதாக வேதத்தில் இல்லை. நம் சபைகளிலும் தாலுகா அலுவலகத்தார், காவல் துறையினர், மணல் காண்ட்ராக்டர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். லஞ்சம் பற்றி அவர்கள் காதுபட ஒரு பிரசங்கம் கேட்டு எத்தனை காலமாகிறது!

பேச வேண்டிய அரசியல் நம் வாசற்படியிலேயே கிடக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதி உரிமையை இழந்தார்கள். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அந்தக் கதவு திறந்தது. நமக்கு இன்றும் திறக்கவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். அனுசரிக்கவே வேண்டும், அது அரசியல்தான், நியாயமான அரசியல். ஆனால் அரசிடம் கேட்கும் அந்த நியாயத்தை நம் கல்லறைத் தோட்டத்தில் யார் கேட்பது? சாதிக்கொரு மூலை பிரித்துப் புதைக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்கெனத் தனிப் பங்குச் சபை கேட்டதைத் தொடர்ந்து 2008-இல் மூண்ட கலவரத்தில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். ஆகஸ்டில் டெல்லியை நோக்கிக் குரல் உயர்த்துகிற நீங்கள், அடுத்த ஞாயிறு சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியை நோக்கியும் அதே குரலில் பேச வேண்டும். அதற்குத்தான் கூடுதல் துணிவு வேண்டும், தெரியும். காணிக்கை குறையும், இடமாற்றம்கூட வரலாம். வந்தால் உங்கள் பக்கம் நிற்கச் சபையாரில் பலர் இருக்கிறோம்.

இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன்பந்தலில் 2011-இல் மீனவப் பெண்கள் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக உட்கார்ந்தபோது, ஆலயம் அவர்களுக்கு நிழல் தந்தது. சபையின் அரசியல் அப்படி இருக்கட்டும்.

அடுத்த தேர்தலில் எந்த வேட்பாளர் வந்தாலும் வரவேற்று, எல்லாரோடும் பெஞ்சில் உட்காரவையுங்கள். சால்வையும் மைக்கும் வேண்டாம். ஜெபிப்பதானால் தொகுதியில் நிற்கும் அத்தனை பேருக்காகவும் ஜெபியுங்கள். வாக்குப்பதிவுக்கு முந்திய ஞாயிறு, யோவானின் அந்த வார்த்தைகள் உள்ள லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடுத்து, ஓட்டுக்குப் பணம் வாங்கும் நம்மைப் பற்றியே பிரசங்கியுங்கள்.

இப்படிக்கு,
தென்மாவட்டச் சபை ஒன்றின் அங்கத்தினர்