பேத்தியைப் பார்க்க ரெண்டு மணி நேரம்: தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. வயது 68. மகனும் மருமகளும் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. யார் பக்கம் நியாயம் என்று எழுத வரவில்லை, அது அவர்கள் பாடு. 6 வயதுப் பேத்தி அம்மாவிடம் இருக்கிறாள். நன்றாகத்தான் வளர்க்கிறாள்.

மாதம் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, நீதிமன்றத்துக் குழந்தைகள் அறையில் ‘தகப்பனார்’ பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு சொல் அன்று எனக்கு உறைக்கவில்லை.

மகனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை அவனுக்குப் பதில் நான் போனேன், ஒரு சம்படம் நிறையக் கடலை உருண்டையோடு. அறைக்குப் பொறுப்பான அம்மா தாளைப் புரட்டிவிட்டு, “ஆர்டர்ல அப்பா பேருதானே இருக்கு?” என்றார். மருமகள் வக்கீலுக்குப் போன் போட்டாள். பேசி முடித்து, “இன்னிக்கு விட்டா நாளைக்கு இதையே காட்டிக் கேப்பாங்களாம், அத்தை” என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. ஆட்டோவில் ஏறும்போது பேத்தி சம்படத்தையே பார்த்தாள். அதையாவது கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அப்புறம்தான் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி, குழந்தையின் உறவினர் யாரும், ஏன், நண்பர்கூட, காப்பாளர் நியமனம் கேட்டு மனுப் போடலாம். அதாவது பேத்தியை மொத்தமாக என் பொறுப்பில் கொடுங்கள் என்று நான் கேட்கலாம். ரெண்டு மணி நேரம் பார்க்க விடுங்கள் என்று கேட்கத்தான் அதில் ஒரு வரி இல்லை.

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இன்னும் வேடிக்கை. அதன்படி, வயதுக்கு வந்த பேரன் பேத்தியிடம் தாத்தா பாட்டி பராமரிப்புக் கேட்கலாம். பேத்திக்கு 18 ஆகும்போது நான் இருந்தால் எனக்கு 80 வயது. அதுவரை முகம் பார்க்காத கிழவிக்கு அவள் எதற்குச் சோறு போடவேண்டும்?

நீதிபதி மனது வைத்தால் அனுமதிக்கலாம், அப்படி உத்தரவுகள் வந்தும் இருக்கின்றன. கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த ஒரு சிறுவனை 2022-ல் உச்ச நீதிமன்றம் அப்பாவைப் பெற்றவர்களிடமே ஒப்படைத்தது. ஆனால் தாய் தகப்பன் உயிரோடு பிரிந்திருக்கும் வீட்டில், எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாம் வக்கீலின் சாமர்த்தியத்தைப் பொறுத்துத்தான்.

மத்திய சட்ட ஆணையம் 2015-ல் கொடுத்த 257-ஆவது அறிக்கையில், குழந்தை தாத்தா பாட்டியோடு கழிக்கும் நேரத்துக்கும் வழிகாட்டுதல் சேர்த்திருந்தது. பத்து வருடம் தாண்டியும் அது சட்டமாகவில்லை. டெல்லி செய்யட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. திருமணம், விவாகரத்து, சிறார் விஷயமெல்லாம், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் 5-ஆவது இனம். குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலமே திருத்தலாம். 1967-ல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது இந்த அவைதானே? மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கும் இங்கே 1989-ல் வந்தது, மத்தியச் சட்டத்தில் 2005-ல்தான்.

தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்டால், பயப்படும் பெண்கள் இருக்கிறார்கள். நியாயமான பயம். மாமியார் கொடுமையில் உடைந்த குடும்பங்கள் எத்தனை! பார்க்க வருகிற சாக்கில் குழந்தையிடம், “உங்க அம்மாதான் எல்லாத்துக்கும் காரணம்” என்று ஓதுகிற பாட்டிகளை எனக்கே தெரியும். அதனால் இதை எங்கள் உரிமையாக எழுதவேண்டாம். குழந்தைக்குச் சேரவேண்டியதாக எழுதுங்கள். அடிதடி, மிரட்டல் இருந்த வீடென்றால் நீதிபதி மறுக்கட்டும். விவரம் தெரிந்த பிள்ளையென்றால் அதையும் கேட்கட்டும். இதற்கென்று தாயைத் தனியாக ஒரு வழக்குக்கு அலையவிடாமல், விவாகரத்து மனுவிலேயே முடிவாகட்டும்.

பரஸ்பர சம்மத மனு எழுதும் வழக்கறிஞர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். ‘தகப்பனார்’ என்ற இடத்தில் ‘அல்லது அவர் வர இயலாதபோது அவரைப் பெற்றவர்கள்’ என்று சேர்த்தால் போதும். குழந்தை தகப்பனிடம் இருந்தால் அம்மாச்சிக்கும் அதே வரி.

எங்கள் ஆர்டரைத் திருத்தச் சொல்லி இந்துத் திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவில் மகன் மனுப் போட்டிருக்கிறான். அடுத்த வாய்தா ஆவணியில். மருமகள் இதுவரை எதிர்மனு போடவில்லை.

இப்படிக்கு,
ஓர் அப்பத்தா