வண்டி கிளம்பிவிட்டது கண்ணா

அல்சூர், பெங்களூரு
தை 6

அன்புள்ள கண்ணா,

நேற்றுக் காலை ஆறே முக்காலுக்கு அந்தப் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கிளம்பிவிட்டது. அப்பா அனுப்பிய வீடியோவில் புகையும் என் கையும் மட்டும்தான் தெரிகிறது. சத்தம்கூடச் சரியாகப் பதியவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ வேலையில் இருப்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

தீபாவளிக்கு மறுநாள் நீ கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. "அறுபத்திரண்டு வயசுல எதுக்கும்மா இந்தப் பழைய வண்டி? புதுசாவே ஜாவா வருது, நான் பணம் அனுப்பறேன், வாங்கிக்கோ" என்றாய். அக்கறையில் கேட்டாய். எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இரண்டு மாதம் கையில் கிரீஸ் படிந்த பிறகுதான் வருகிறது.

நான் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையில் 1983 முதல் 2004 வரை வேலை பார்த்தது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் மேஜையில் கடிகாரத்தின் துடிப்பைத் தரும் பேலன்ஸ் சக்கரமும் தலைமுடியைவிட மெல்லிய அதன் சுருள்வில்லும். கண்ணில் லூப் என்ற பூதக்கண்ணாடி, கையில் ட்வீசர். கடிகாரம் என்னிடம் வரும்போது பாதி, என்னிடமிருந்து போகும்போது முக்கால். நான் கை வைத்ததும் அது துடிக்க ஆரம்பிக்கும், உடனே அடுத்த மேஜைக்குப் போய்விடும். முகப்பு பதிப்பது ஒருவர், முள் வைப்பது ஒருவர், மூடி போடுவது ஒருவர். இருபத்தொரு வருஷத்தில் ஒரு கடிகாரத்தைக்கூட முதல் திருகிலிருந்து கடைசி மூடிவரை நான் செய்ததில்லை. அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை, அதில்தான் நீ படித்தாய். ஆனால் ஒரு பொருளையாவது முழுசாக என் கையால் ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை உள்ளே கிடந்தது. புது வண்டி வாங்கினால் அது தீராது.

ஏன் ஜாவா என்றால், அது கோலார் தங்கவயலில் தொடங்கியது. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். எங்கள் லைன் வீட்டு வரிசையில் எதிர்வீட்டு மாமாவிடம் மட்டும்தான் மோட்டார் சைக்கிள், 1968-இல் வாங்கிய ஜாவா. ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கு விரித்து அதைக் கழற்றுவார். எனக்குப் பத்து வயது. டார்ச் பிடிப்பது என் வேலை. ஒவ்வொரு திருகையும் என் உள்ளங்கையில் வைத்து, "இதை விட்டா வண்டி நின்னுடும் பாப்பா" என்பார். பேலன்ஸ் சக்கரத்தைக் கீழே போடாமல் பிடிக்க நான் கற்றது தொழிற்சாலையில் இல்லை, அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது.

அதே வண்டியைத்தான் வாங்கியிருக்கிறேன். ஆவணியில் கல்யாணத்துக்குப் போனபோது மாமி வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால், தார்ப்பாயின் கீழே நின்றிருந்தது. சுரங்கத்தை 2001-இல் மூடினார்கள், மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அதன் பிறகு யாரும் தொடவில்லை. நிறம் மெரூன் என்று சீட்டுக்கு அடியில்தான் தெரிந்தது.

பழைய வண்டி வாங்கும் எண்ணம் என்றைக்காவது உனக்கு வந்தால் ஒன்று கேட்டுக்கொள். பெயிண்டைப் பார்க்காதே, வண்டியின் சட்டத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணைப் பார். போன வருஷம் இங்கே பெங்களூரில் ஒரு ஜாவா பார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். பிறகு லூப் எடுத்துப்போய்ச் சேஸிஸ் எண்ணைப் பார்த்தால், அரத்தால் தேய்த்து மேலே புது எண் குத்தியிருக்கிறார்கள். எழுத்தின் ஓரம் கூர்மையாக இருந்தது, பழைய குத்தல் அப்படி இருக்காது. முன்பணம் திரும்பவில்லை. மாமி வீட்டு வண்டியில் துரு இருந்தது, ஆனால் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போயின. எம்.ஒய். என்று தொடங்கும் பழைய மைசூர் மாநில எண். 1973-இல் கர்நாடகா என்று பேர் மாறும் முன்பு கொடுத்தது. அறுபதாயிரம் கொடுத்தேன். மாமி நாற்பது போதும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஐப்பசிக் கடைசியில் டெம்போவில் வந்தது. பிஸ்டன் இறுகி நின்றுவிட்டிருந்தது. கிக்கரை மிதித்துப் பார்க்கலாம் என்றார் அப்பா, நான் விடவில்லை. இறுகிய எஞ்சினை மிதித்தால் உள்ளே என்ன உடையும் என்று தெரியாது. பிளக்கைக் கழற்றி டீசல் ஊற்றி ஒன்பது நாள் விட்டேன். பத்தாம் நாள் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினேன். ஒரு நூல் இறங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் முழுசாக விட்டுக்கொடுத்தது.

மார்கழி முழுக்க ஒரே மாதிரி நாட்கள். நாலரைக்குச் சோமேசுவரர் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு, ஐந்துக்குக் கோலம், காபி, அப்புறம் ஷெட். இங்கே குளிர் நீ இருக்கும் செக் நாட்டுப் பிராக் குளிரில் பத்தில் ஒன்று இருக்காது, ஆனாலும் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். உன் பழைய ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டேன். எவர்சில்வர் இட்லித் தட்டுகளில் குழிக்கு ஒரு திருகு வைத்து, எங்கிருந்து கழற்றியது என்று பென்சிலில் சீட்டு. நோட்டில் படம். கழற்றும்போது எழுதாதவர் மாட்டும்போது அழுவார் என்று எங்கள் சூபர்வைசர் சொல்வார்.

நான்கு வேலை மட்டும் வெளியே கொடுத்தேன். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கை ஜாவாவில் நட்டைக் கழற்றிப் பிரிக்க முடியாது, அழுத்திச் சேர்த்தது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு மாற்ற பிரஸ் வேண்டும், சேர்த்த பிறகு கிராங்கின் இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே நேரில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சிவாஜிநகரில் ஒரு பாய் அதைச் செய்தார். டயல் கேஜ் முள் அசையாமல் நிற்கும்வரை செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார், ஒன்றரை மணி நேரம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "அம்மா, உங்களுக்குப் புரியுது" என்றார். இந்த வருஷத்தில் என்னிடம் யாரும் சொன்னதில் எனக்கு மிகப் பிடித்த வார்த்தை அது. சிலிண்டர் போரிங், பெயிண்ட், குரோம் முலாம் மற்ற மூன்று.

முலாம் போடக் கொடுத்த இடத்தில்தான் அடி விழுந்தது. டேங்க்கின் பக்கவாட்டுக் குரோம் புதுசாகத் தெரிய வேண்டும் என்று பஃப் போட்டுத் தேய்த்தே தள்ளியிருக்கிறார்கள். தகடு மெலிந்து தையல் ஓரத்தில் ஓட்டை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது கண்ணீர் மாதிரி சொட்டியது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் ஈயம் வைத்து அடைத்து, மூன்று நாள் தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்தேன். இப்போது கசியவில்லை. ஆனால் அந்தப் பழைய விளிம்பின் கூர்மை போய்விட்டது, அது திரும்ப வராது. இனி யாரிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நிற்பேன்.

ஜாவா எஞ்சின் டூ ஸ்ட்ரோக், அதில் வால்வு கிடையாது, தெரியும்தானே. பிஸ்டன் இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் இருக்கும் பெட்ரோல் கலவை அழுந்தி மேலே போகும். ஆகவே அந்தக் கேஸ் காற்றுப்புகாமல் இருந்தே ஆக வேண்டும். ஓரத்து ஆயில் சீல் கிழிந்திருந்தால் ஒரு பக்கம் காற்றை உறிஞ்சும், இன்னொரு பக்கம் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையும். பலர் கார்புரேட்டரையே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், குறை சீலில் இருக்கும். ஜே.சி. ரோட்டில் மூன்று கடை ஏறி சீல்களை வாங்கினேன், கடைக்காரர் கொடுத்த முதல் ஜோடியின் உதடு கடினமாக இருந்ததால் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்கு மிகப் பிடித்தது, பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் வைத்த நாள். இடைவெளி 0.4 மில்லிமீட்டர். பிஸ்டன் உச்சிக்கு வர மூன்று மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும்போதே பொறி விழ வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு உராய்ந்தும் உராயாமலும் நகர வேண்டும். அந்த உணர்வை என் விரல் மறக்கவே இல்லை. இருபது வருஷம் கழித்து அதே கை, அதே மூச்சை நிறுத்திக்கொள்கிற பழக்கம். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. அப்பா கவனித்தார், ஒன்றும் கேட்காமல் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நேற்று பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில், கலந்து ஊற்றினேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் குழாயையெல்லாம் புதிதாக மாற்றியாயிற்று. ஜாவாவில் கிக்கருக்கும் கியருக்கும் ஒரே லீவர்தான். உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பினால் கிக்கர், பழைய இடத்துக்கு வந்தால் கியர். என் முழங்காலுக்கு அது சுலபமில்லை. முதல் ஆறு உதை, ஒன்றுமில்லை. ஏழாவதில் ஒரு தும்மல். பதினோராவதில் இரண்டு சைலன்ஸரும் சேர்ந்து பேசின. அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுப் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். மாமாவுக்குத் தெரிந்த சத்தம் அது, எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

ரோட்டில் இன்னும் ஏற்றவில்லை. ஆர்.சி. மாமா பெயரிலேயே கிடந்தது. மாமி பெயருக்கு மாற்றி, பிறகு என் பெயருக்கு மாற்றினோம். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் பார்க்க மாசி முதல் வாரம் வரச்சொல்லியிருக்கிறார்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021-இல் விதி வந்தது, இருபதாயிரம் கட்டணம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி மாதிரியானவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினமும் ஓட்ட முடியாது. எனக்கு அல்சூர் ஏரியைச் சுற்றி வர வேண்டும், காய் வாங்கப் போக வேண்டும். அதனால் சாதாரணப் புதுப்பித்தல்தான். பின்சீட் அப்பாவுக்கு. ஹெல்மெட் இரண்டு வாங்கிவிட்டேன், கவலைப்படாதே.

நீ போன மாதம் பிராக் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ஜாவா பார்த்ததாகச் சொன்னாய். ஜானெச்செக் என்ற முதலாளி பேரிலும் வாண்டரர் கம்பெனிப் பேரிலும் முதல் எழுத்தை எடுத்து 1929-இல் வைத்த பெயர் என்று அங்கே எழுதியிருந்ததாம். எனக்கு அது தெரியாது. இங்கே மைசூரில் 1961-இலிருந்து செய்து, 1996-இல் மூடினார்கள் என்பதோடு என் அறிவு நின்றது. நீ நின்று பார்த்த கண்ணாடிக்கு உள்ளே இருப்பதும் நம் ஷெட்டில் இருப்பதும் ஒரே குடும்பம் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

சரி, ஒரு உதவி. ஜிகோவ் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் பித்தளை மிதவையில் மயிரிழை வெடிப்பு, உள்ளே பெட்ரோல் போய்க் கனத்துவிட்டது. வெந்நீரில் போட்டுக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஈயம் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஈயத்தின் எடையால் மிதவை கொஞ்சம் தாழ்ந்து, பெட்ரோல் அளவு ஏறுகிறது, பிளக் கறுக்கிறது. வேறு மிதவை உங்கள் ஊர்ப் பழைய வண்டிச் சாமான் சந்தையில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த பக்கத்தில் அளவோடு வரைந்திருக்கிறேன். புதிதாகச் செய்தது வேண்டாம், பழசு, நசுங்காததாகப் பார். வாங்கும் முன் காதருகே ஆட்டு, உள்ளே சலசலப்பு இருந்தால் விட்டுவிடு. என்னுடையதை நகைக்கடைத் தராசில் ஈயத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்து எழுதி வைத்திருக்கிறேன். நீயும் எங்கேயாவது நிறுத்துப் பார்த்து, கிராமில் எவ்வளவு என்று எழுது.

அன்புடன்,
அம்மா