பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள்

மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறேன். பழைய போர் விமானங்கள் மீது எனக்குத் தீராத பித்து. உங்கள் ஒர்க்‌ஷாப்பிலோ ஸ்டோரிலோ பழைய விமானத்தின் பாகம் எது கிடந்தாலும், துருப்பிடித்த எஞ்சினாகவே இருந்தாலும், ஏலத்துக்குப் பட்டியல் போடும் முன் விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மதுரை விமான நிலையமே 1942-இல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம்தான்.

கல்லூரிகளிடம் கேட்கக் காரணம் காசி இந்துப் பல்கலைக்கழகம். 1940-இல் பிரிட்டன் வான்போரில் 49 முறை பறந்த ஹரிக்கேன் ஆர்4118 என்ற போர் விமானம், பிறகு இந்தியாவுக்கு வந்து, அங்கே பொறியியல் மாணவர்களுக்குப் பாடப்பொருளாகப் போய்ச் சேர்ந்தது. 1982-இல் இங்கிலாந்துக்காரர் ஒருவர் வளாகத்தில் அதைக் கண்டுபிடித்தார். 2001-இல் அது நாட்டை விட்டுப் போனது. 2004 டிசம்பரில் இங்கிலாந்தில் மறுபடியும் பறந்தது. அத்தனை வருடம் நம்மிடம் இருந்தும், அதைப் பறக்க வைத்த வேலை நம் கைக்கு வரவில்லையே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த வேலை எங்களுக்குப் பழக்கமான வேலை. ஹரிக்கேனின் உடம்புக்குள் எஃகுக் குழாய்கள். பின்பாதியில் அவற்றின் மேல் மரச்சட்டம், அதற்கும் மேல் துணி. துணியை இழுத்துப் போர்த்தி டோப் என்கிற பூச்சைப் பூசினால், காயக் காய மத்தளத் தோல் மாதிரி விறைக்கும். இறக்கையைத் தாங்கும் தண்டுதான் கஷ்டம். எஃகுத் தகட்டைப் பல பட்டையாக உருட்டிச் செய்த குழாய் அது. எந்தக் கடையிலும் கிடைக்காது. முதலில் உருளைகளைக் கடைய வேண்டும், அப்புறம்தான் தகட்டை உருட்ட முடியும். அளவில் துளி பிசகினாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். இதைக் கடையக்கூடிய ஆட்கள் எங்கள் பேட்டையில் இருக்கிறார்கள்.

நம்மால் ஆகுமா என்று யோசிக்க வேண்டாம். போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து சரிசெய்தது நம் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. 1968 வரை நம் விமானப்படை அவற்றை ஓட்டியது.

இன்னொன்று. எண் பொறித்த தகட்டைக் கழற்றி ஷோகேஸில் வைக்காதீர்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். விமானம் பறந்த, பழுதுபார்த்த விவரம் எழுதிய பழைய லாக் புக் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, என்ன உலோகம், யார் சோதித்தார் என்று காட்டினால்தான் பறக்க அனுமதி கிடைக்கும்.

இந்தப் பருவம் முடிவதற்குள் ஸ்டோர் ரூமை ஒருமுறை திறந்து பாருங்கள். ஏதாவது கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள், அளவெடுக்க நாங்களே வருகிறோம்.

அன்புடன்,
கப்பலூரிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்