வேலைக்காரி வேடத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இரவில் புதிதாக வருகிற நையாண்டி நிகழ்ச்சியைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட வாசகர் கடிதங்களை ஒன்று விடாமல் படித்தேன். செட்டிநாட்டுக் குடும்பத்தைக் கேலி செய்துவிட்டார்கள், தடை செய்யுங்கள் என்று இரண்டு பேர். மன்னிப்புக் கேட்கட்டும் என்று மூன்று பேர். சிரித்துவிட்டுப் போங்களேன் என்று ஒருவர். நானும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டில் பிறந்து நகரத்தார் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்தான். அந்தப் பகுதியை நானும் பார்த்தேன். என் வருத்தம் வேறு.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது உள்முற்றத்துப் பகுதியில், பலகாரம் போட்டு விற்கிறேன். கல்யாணச் சீருக்கு ஆர்டர் வந்துவிட்டால் இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். என்னோடு ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தூக்கம் வராமல் இருக்க டிவியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வோம். அப்படித்தான் இந்த நிகழ்ச்சி எங்களுக்குப் பழக்கமானது.

முதல் வாரம் அடிக்கல் நாட்டு விழா ஒன்றைக் காட்டினார்கள். ஒரே கல்லுக்கு நாலாவது தடவையாக மாலை போடுகிறார்கள். கல்லே வாய் திறந்து, "எனக்கும் வயசாகுதுங்கய்யா" என்கிறது. சிரித்த சிரிப்பில் ஒரு ஈடு தேன்குழல் சிவந்து போய்விட்டது. எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டு எட்டு மாதமாகிறது. மனுக் கொடுக்கப் போனால் நிதி வரவில்லை என்று ஒரே பதில்தான். நாங்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததை யாரோ சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்காகச் சொன்னது போல இருந்தது. அதை எழுதியவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

மூன்றாவது வாரம்தான் நம் ஊர்ப் பக்கம் வந்தார்கள். சாப்பிடும்போது விளக்கை அணைக்கிற செட்டியார், முறுக்கைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிட்டு உதிர்ந்த தூளை எண்ணுகிற ஆச்சி. இதில் எனக்குக் கோபம் வரவில்லை. பார்சலில் வந்த சணலைக்கூட முடிச்சவிழ்த்துச் சுற்றி வைக்கிற அப்பத்தாவிடம் வளர்ந்தவள் நான். வருஷம் தவறாமல் ஐந்தொகை என்கிற வரவு செலவுக் கணக்கு எழுதிய வீடு. சிக்கனத்தைப் பற்றி நாங்களே எங்களுக்குள் எவ்வளவோ பேசிச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிக்கனத்தில்தான் தர்மத்துக்கென்று மகமையும் எடுத்து வைத்தார்கள், கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். ஊரெல்லாம் அறிந்த விஷயம். ஒரு கேலிப்பேச்சில் அது கரைந்துவிடாது.

ஆனால் அந்த வீட்டு வேலைக்காரி? ஓர் ஆண் நடிகருக்குச் சேலை கட்டி, முகத்தில் கரி பூசி, பொய்ப்பல் வைத்து விட்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. தண்ணீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், விழுகிறாள். மறுபடி வருகிறாள், மறுபடி விழுகிறாள். விழுகிறபோதெல்லாம் பதிவு செய்த சிரிப்பு. ஐந்து தடவை. நான் எண்ணினேன்.

அப்போது நாங்கள் சீப்புச் சீடை சுற்றிக்கொண்டிருந்தோம். மாவை அச்சில் பிழிந்து, வெட்டி, விரலில் வளைத்து ஈரத்தோடு ஒட்டினால்தான் பிடிக்கும். கொஞ்சம் தாமதித்தாலும் காய்ந்து வாய் பிளந்துவிடும். எங்களில் மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வயதிலிருந்து கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தண்ணீர் எடுத்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் விரலில் சுற்றிய மாவு அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் விரிசல் விட்டு இரண்டாகத் தாம்பாளத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. நான்தான் எழுந்து போய் டிவியை அணைத்தேன்.

இத்தனை கடிதங்களில், இத்தனை கோபத்தில், அந்த வேடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் விடிய விடியக் கொதித்தார்கள், அங்கேயும் இல்லை. செட்டியார் மானம் போயிற்று என்று ஆளாளுக்கு எழுதுகிறோம். கரி பூசி ஐந்து தடவை கீழே தள்ளப்பட்டவள் நம் கண்ணிலேயே படவில்லை.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவில் இருந்தவர். கடல் கடந்து தொழில் பார்க்கப் போவதை எங்களில் கொண்டுவிக்கப் போவது என்போம். ஒரு தவணைக்கு, எங்கள் பேச்சில் ஒரு கணக்குக்கு, அப்போதெல்லாம் மூன்று வருஷம். 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது மாதக்கணக்கில் அவரிடமிருந்து கடிதம் இல்லை. அப்பத்தா படுத்த படுக்கையாகிவிட்டார். என் அப்பச்சிக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சோறு ஊட்டி, மாட்டைப் பார்த்து, இத்தனை பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கி, ஐயா நடந்தே ஊர் வந்து சேரும் வரை அடுப்பு அணையாமல் காத்தது எங்கள் வீட்டில் வேலை செய்த ஓர் அம்மாதான். பழைய கணக்குப் பேரேட்டில் தேடிப் பார்த்தேன். "வேலைக்காரி சம்பளம்" என்று இருக்கிறது. பெயர் இல்லை.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். வள்ளியும் முருகனும் வருவதற்கு முன்னால் கோமாளி வேடக்காரரான பபூன் வந்துவிடுவார். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்களைத்தான் முதலில் பிடிப்பார். பணம் கொடுத்து நாடகம் வைத்தவரே தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். பபூன் பேசுவதெல்லாம் நல்ல பேச்சு என்று சொல்லமாட்டேன். கூட ஆடுகிற பெண்ணிடம் பேசுவதில் பாதி எனக்குப் பிடிக்காது. இருந்தாலும், பாய் விரித்துப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பார்க்கிற பெண்ணுக்கு அவர் தன் ஆளாகத் தெரிவார். கல் பேசிய வாரம் இந்த நிகழ்ச்சியும் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் மூன்றாவது வாரம் இவ்வளவு வலித்தது.

தடை கேட்கிறவர்களோடு நான் இல்லை. இன்றைக்கு நமக்காகத் தடை கேட்டால் நாளைக்கு அடிக்கல் நாட்டியவரும் கேட்பார். சேனலுக்கு எழுதுங்கள். 1995ஆம் வருஷத்துக் கேபிள் டிவி சட்டத்தின் விதிகளில் 2021இல் திருத்தம் வந்திருக்கிறது. அதன்படி பார்வையாளர் புகாருக்குச் சேனல் 15 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். நான் எழுதி ஒன்பது நாளாகிறது. நான் கேட்டிருப்பது இவ்வளவுதான்: அந்த ஆச்சியும் செட்டியாரும் மறுபடி வரட்டும், அந்த வீட்டு வேலைக்காரிக்கு வசனம் கொடுங்கள், அந்த வேடத்தை ஒரு பெண் செய்யட்டும், முகத்தில் கரி இல்லாமல்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் பெரியக்காவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "அண்டாவைத் தனியா யாரும் தூக்க மாட்டாக ஆச்சி. ஆளுக்கொரு காதைப் பிடிச்சு ரெண்டு பேராத்தான் தூக்குவோம். முப்பது வருஷத்துல நான் ஒரு தடவகூட விழுந்ததில்ல. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பலகாரம் போடும் ஒரு வாசகி,
பள்ளத்தூர்.