‘இருந்தால்’ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் உள்பக்க மூலையில் ஒரு திருத்தம் வந்திருந்தது. ‘இச்செய்தி வாசகர்களிடையே தவறான புரிதலை ஏற்படுத்தியிருந்தால் வருந்துகிறோம்’ என்று முடிந்தது. அந்தச் செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி. ஏற்படுத்தியது என்று தெரிந்துதானே திருத்தம் போடுகிறீர்கள்? அப்புறம் ‘இருந்தால்’ எதற்கு?

சண்டைக்கு வரவில்லை. அதே ‘இருந்தால்’ போட்டு என் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டு, நான்கு மாதம் அவள் பேச்சை இழந்தவள் நான்.

31 வருடம் செவிலியராக இருந்தேன். இரவுப் பணியில் மருத்துவர் தொலைபேசியில் மருந்து சொன்னால், எழுதிக்கொண்டு அப்படியே திருப்பி வாசிக்க வேண்டும். அவர் ‘ஆமாம்’ என்ற பிறகுதான் மருந்தைத் தொடுவோம். இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் ‘எழுபது, ஏழு சைபர்’ என்று பிரித்துச் சொல்வோம். ‘நான் சொன்னது காதில் விழவில்லையா’ என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை. இந்தப் பழக்கத்தையெல்லாம் சீருடையோடு கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் போலிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை தங்கையைக் கூப்பிட்டு, “அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கிட்டுப் போ” என்றேன். “சரி” என்றாள். நான் சொன்னது மூன்று நாளில் வரும் வெள்ளி. அவள் எடுத்துக்கொண்டது அதற்கடுத்த வெள்ளி. நான் சொன்ன வெள்ளியன்று காலையிலிருந்து பதினோரு மணி வரை, பழைய சீட்டுகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு, அம்மா வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்ததும் தங்கையிடம் முதலில் சொன்ன வார்த்தை, “நீதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட.” மாலையில் கொஞ்சம் ஆறியதும் ஒரு செய்தி அனுப்பினேன்: ‘நான் பேசினது உன்னைப் புண்படுத்தியிருந்தால் மன்னிச்சுக்கோ.’ பதில் உடனே வந்தது: ‘இருந்தாலா, அக்கா?’ அதோடு சரி.

‘தப்பாப் புரிஞ்சுக்கிட்ட’ என்பதில் வேலையெல்லாம் கேட்டவர் தலையில். சொன்னவர் அந்த வாக்கியத்திலேயே கிடையாது. தேதியைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். எனக்கு அது தோன்றவே இல்லை, ஏனென்றால் என் மனதில் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை மேசையில் தாளமாகத் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது மூன்று. தட்டுகிறவர் காதுக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது, எதிரில் இருப்பவருக்கு வெறும் ‘டொக் டொக்’தான்.

தங்கையின் ‘சரி’யையும் சும்மா விட முடியாது. கேட்டது என்றாலும் சரி, புரிந்தது என்றாலும் சரி, செய்கிறேன் என்றாலும் சரி, போனை வை என்றாலும் சரி! 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்றது ஒரு விமானம். புறப்படத் தயாராக நிற்கிறது என்று எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டு அறை, ‘ஓகே’ என்றது. ‘காத்திருங்கள்’ என்று தொடர்ந்து சொன்னது, அதே நொடியில் இன்னொரு விமானமும் பேசியதால் இரைச்சலில் அமுங்கிப்போனது. விமானமோ ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. பனி, அவசரம் என்று காரணங்கள் வேறும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு பேசும் முறையையே மாற்றினார்கள். அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லே வரக்கூடாது, முக்கியமான உத்தரவுக்கு வெறும் ‘ஓகே’ போதாது, திருப்பிச் சொல்ல வேண்டும்.

வேண்டுமென்றே பேச்சைத் திரிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் பொறுப்பேற்க முடியாது. நான் சொல்வது நம்மிடம் நல்லெண்ணத்தோடு காது கொடுப்பவர்களைப் பற்றி.

இப்போதெல்லாம் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பார்க்கணும், ஒரு தடவை திருப்பிச் சொல்லேன்’ என்கிறேன். ‘நர்ஸம்மா ஆரம்பிச்சுட்டாங்க’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்களிடம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ‘நாங்கள் எழுதியது தெளிவாக இல்லை, சொல்ல வந்தது இதுதான்’ என்று போடுங்கள். பழைய குறிப்பைவிட இரண்டு சொல் கூட வராது.

தங்கை மறுபடி பேசத் தொடங்கியது, ‘தேதி சொல்லாதது என் தப்பு’ என்று நேரில் போய்ச் சொன்ன பிறகுதான். போன வாரம் அவளே கூப்பிட்டாள். “அக்கா, 14-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை. அம்மாவுக்குக் கண் பரிசோதனை. இந்தத் தடவை நீதான் கூட்டிக்கிட்டுப் போகணும்.”

“சரி” என்றேன்.

“சரின்னா?” என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நீண்டநாள் வாசகி