ஆறு சிட்டிங்குக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

அஸ்தம்பட்டி, சேலம்.
கார்த்திகை மாதம்.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். உன் முகத்துப் பருத் தழும்புகளுக்காக நீ கேட்டு வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிய கிளினிக் விலைப்பட்டியலைப் படித்தேன். தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு வேலை வந்துவிடும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். ஆறு சிட்டிங் லேசர், அதோடு பி.ஆர்.பி. ஊசி (நம் இரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்துப் போடுவது), பத்து நாளுக்கு ஒரு சிட்டிங் வீதம் உன் விடுப்புக்குள் முடித்துத் தரப்படும், இம்மாத இறுதிக்குள் முழுப் பணத்தையும் கட்டினால் தள்ளுபடி என்று அதில் இருக்கிறது. ஆனால் உன் முகத்தை இதுவரை அங்கே எந்த மருத்துவரும் நேரில் பார்க்கவில்லை. நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பிய செல்போன் படங்களை வைத்து, வரவேற்பில் இருப்பவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சிகிச்சையையும் அதன் எண்ணிக்கையையும் முடிவு செய்கிற இடம் நமக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், முடிவு உன்னுடையது.

உன் முகத்தில் இருப்பது ஒரே வகைத் தழும்பு அன்று. நேர் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். சன்னலோரம், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி நின்று கண்ணாடியில் பார். கன்னத்தின் நடுவில் குறுகலாகவும் ஆழமாகவும் இறங்கும் துளைகள் ஒரு வகை. பொட்டளவு அகலத்தில், ஓரம் செங்குத்தாக இறங்கும் குழிகள் இன்னொரு வகை. தாடையை ஒட்டி, ஓரம் இதுவென்று காட்ட முடியாமல் மேடும் பள்ளமுமாக இருப்பவை மூன்றாவது வகை. தோலை விரலால் லேசாக இழுத்துப் பிடித்தால் இந்த மூன்றாவது வகை ஏறக்குறைய மறைந்துவிடும், முதல் வகை மறையாது. இவை தவிர, பரு ஆறிய இடத்தில் நிறம் மட்டும் கறுத்து நிற்கும் புள்ளிகளும் உனக்கு உண்டு. அவை தழும்பே அல்ல. வெயில் படாமல் காத்து, மருத்துவர் எழுதித் தரும் களிம்பைப் பூசி வந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். அவற்றுக்காக லேசருக்குச் செலவழிப்பது வீண்.

ஆழமான துளைகளின் அடிவரை லேசர் சரியாக எட்டுவதில்லை. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை மிகவும் அடர்வாக எடுத்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் குச்சி நுனியால் தொட்டு வைக்கும் முறையை அவற்றுக்குச் செய்வார்கள். மருத்துவர்கள் இதைக் கிராஸ் என்பார்கள். தொட்ட இடம் உடனே வெளுத்து, பிறகு பொருக்குத் தட்டி உதிரும். உள்ளே தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உண்டாகித் துளையின் அடி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். தாடையோரப் பள்ளங்களின் சங்கதி வேறு. கூடாரத் துணியை உள்ளிருந்து கயிற்றால் இழுத்துக் கட்டியதைப் போல, தோலுக்கு அடியில் நார்கள் அதைக் கீழே பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை அறுக்காமல் மேல்தோலில் எதைச் செய்தாலும் பள்ளம் முழுதாக நிமிராது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தோலுக்கு அடியில் ஊசியையோ மழுங்கிய முனையுள்ள குழலையோ செலுத்தி அந்த நார்களை விடுவிப்பதற்குச் சப்சிஷன் என்று பெயர். ஒன்றிரண்டு வாரம் கன்னம் கன்றி வீங்கியிருக்கும் என்பதைத் தவிர அதில் பெரிய தொல்லை பொதுவாக இல்லை. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாத சிகிச்சை என்பதாலோ என்னவோ, உன் பட்டியலில் அதன் பெயரே காணோம். தோலில் புள்ளி புள்ளியாகச் சூடு வைக்கும் ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசரும், நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோநீடிலிங்கும் நன்றாகப் பயன்படுவது ஆழம் குறைந்த அகன்ற குழிகளுக்குத்தான். பி.ஆர்.பி. என்பது இவற்றோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒன்று; சேர்த்தே ஆக வேண்டியது அன்று.

லேசரை நான் குறை சொல்லவில்லை. நம் போன்ற மாநிறத் தோலுக்கு அதைக் கையாண்டு பழகிய கை வேண்டும் என்கிறேன். நம் தோலில் நிறமி அதிகம் என்பதால், அதிகச் சூடு பட்ட இடம் கறுத்துப்போய்ப் பல மாதங்கள் அப்படியே நிற்கக்கூடும். சக்தியையும் புள்ளிகளின் நெருக்கத்தையும் குறைத்து வைத்து, தாடையோரம் ஒரு சிறு இடத்தில் சோதித்து, நாலைந்து வாரம் பொறுத்துப் பார்த்த பிறகு முழு முகத்துக்குப் போகும் மருத்துவர் கிடைத்தால் துணிந்து செய்துகொள்ளலாம். மைக்ரோநீடிலிங்கில் சூடு இல்லாததால் கறுக்கும் வாய்ப்பு குறைவு. எப்படியானாலும் ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி தேவை. கொலாஜன் முழுமையாக அமைந்து பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். பத்து நாளுக்கு ஒன்று என்று அவர்கள் எழுதியிருப்பது உன் தோலைப் பார்த்துப் போட்ட கணக்காகத் தெரியவில்லை, உன் விமான டிக்கெட்டைப் பார்த்துப் போட்ட கணக்காகத் தெரிகிறது.

தோள்பட்டையில் இருப்பதைப் பற்றி நீ அவர்களிடம் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன். ஏற்காட்டு மலைப்பாதையில் பைக்கிலிருந்து விழுந்த காயம் ஆறியபின், காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்து வளர்ந்து, இப்போதும் அரிக்கிறது என்கிறாய். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது ஒன்று, எல்லையை மீறிப் பரவுவது ஒன்று. இரண்டாவதைத்தான் கீலாய்டு என்கிறார்கள். அது குடும்பத்தில் தொடரும் இயல்புடையது. உன் பெரியம்மாவுக்குக் காதில் இரண்டாவதாகக் குத்திய இடத்தில் கட்டி வளர்ந்து, ஓரிடத்தில் அதை வெட்டி மட்டும் எடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் முன்னைவிடப் பெரிதாக வந்தது. வெட்டுவதோடு நிறுத்திவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ திரும்ப வரும் என்பது மருத்துவ நூல்களிலேயே உள்ள செய்தி. பிறகு தழும்புக்குள்ளேயே டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை ஏறத்தாழ மாதம் ஒரு முறை போட்டுத்தான் அது அடங்கியது. ஊசி போட்ட இடத்தைச் சுற்றித் தோல் சற்று மெலிந்து வெளுத்திருப்பதை நீயே பார்த்திருப்பாய். உனக்கும் ஊசி, அதோடு சிலிக்கோன் ஷீட் என்றுதான் மருத்துவர் தொடங்குவார் என்று நினைக்கிறேன். அந்த ஷீட்டை நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மாதக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும். வியர்த்தால் எடுத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி ஒட்டலாம். உனக்கும் பெரியம்மாவுக்கும் இந்த உடல்வாகு இருப்பதை, முகத்தைத் தொடப் போகிற மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாடையும் கீலாய்டு வரக்கூடிய இடம். இதைக் கேட்காமலேயே ஊசியையோ லேசரையோ கையில் எடுப்பவரிடம் உட்காராதே.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி. சாரதா கல்லூரி சாலையிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் ஸ்கின் கிளினிக் என்ற பலகைகள் கூடிக்கொண்டே போகின்றன. பலகையில் தோல் மருத்துவப் படிப்புகளான எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., அல்லது தோல் பிரிவில் டி.என்.பி. என்று இருக்கிறதா, பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.சிஎச். இருக்கிறதா என்று பார். காஸ்மெட்டாலஜி என்ற சான்றிதழ் மட்டும் இருந்தால் அது போதாது. பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். கிளினிக்குக்கும் தனியாகப் பதிவுச் சான்று உண்டு. தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது இருக்க வேண்டும். படித்தவர் பெயர் சுவரில் இருந்து, இயந்திரத்தைப் பிடிப்பவர் வேறு ஒருவராக இருந்தால் அந்தப் படிப்பால் உனக்கு என்ன பயன்? ஆகையால் செய்வது யார் என்பதை நேரடியாகக் கேள், கூச்சப்படாதே. ஊசி முனைகளை உன் கண்முன் உறை பிரிக்க வேண்டும். ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் முன்னும் பின்னும் படம் எடுத்து வைக்க வேண்டும். பணம் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகவே கட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எது சரியாகாது என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். குழித்தழும்பு குறையும், கண்ணை உறுத்தாத அளவுக்குப் போகும். இருந்த இடம் தெரியாமல் போகும் என்று சொல்பவரை நம்பாதே. நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டி, என்ன வகை என்று கேட்டுக்கொண்டால், பிறகு தனியார் இடத்துக்குப் போனாலும் யார் சரியாகப் பேசுகிறார் என்பது உனக்கே புரியும். முகத்துக்கான செலவுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது; விபத்தில் ஏற்பட்டது என்பதால் தோள்பட்டைக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று, நண்பன் கொடுத்தான் என்று நீ பூசுகிற டியூப். பெயரைப் பார்த்தேன், அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் தெளிந்த மாதிரி இருக்கும், பிறகு தோல் மெலியும், சிவக்கும், பருவும் பெருகும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் அரசு உத்தரவே போட்டது. பல மாதம் பூசிவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் முகம் கொந்தளிக்கும், ஆகவே மஸ்கட்டிலேயே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டி நிறுத்து. புதிதாகப் பரு வந்துகொண்டிருக்கும்போது பழைய தழும்பைச் சரிசெய்வதில் பொருளில்லை. பருவை அடக்கும் வேலையை ஊருக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். அவர் ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை கொடுத்தால் தேதியையும் அளவையும் குறித்து வை. அதை நிறுத்தி ஆறு மாதம் கழித்துத்தான் தழும்புச் சிகிச்சை எதையும் செய்ய வேண்டும் என்பது பழைய விதி. 2017இல் தோல் நிபுணர்கள் அதை மறுபரிசீலனை செய்து, மைக்ரோநீடிலிங், ஃபிராக்ஷனல் லேசர் போன்றவற்றுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். ஆனாலும் முடிவு செய்பவருக்கு அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். உதட்டோரம் அடிக்கடி அக்கி போன்ற கொப்புளம் வரும் வழக்கத்தையும் மறக்காமல் சொல்; லேசருக்கு முன் அதற்கு மாத்திரை கொடுப்பார்கள்.

எனக்குத் தோன்றும் ஏற்பாடு இது, மருத்துவர் மாற்றினால் மாறட்டும். வந்த முதல் வாரமே காட்டிவிட்டு, சப்சிஷனையும் துளைகளுக்கான அமிலத்தையும் இந்த விடுப்பில் ஒரு முறை செய்துகொள். தோள்பட்டைக்கு ஊசி தொடங்கட்டும். மார்கழி, தை என்பதால் திரும்பிப் போகும்போதும் அங்கே வெயில் ஏறியிருக்காது. லேசர் வேண்டுமா என்பதை அடுத்த விடுப்பில், இதன் பலனைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம். ஏற்காட்டு நாகலூரில் தாத்தா தோட்டத்தில் நீ இப்போது வரும் சமயம் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும், உன்னால் போகாமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சிகிச்சைக்கு முன்பே போய் வந்துவிடு. ஏற்காடு குளிராக இருக்கிறதே, பனி மூடியிருக்கிறதே என்று நம்பிவிடக்கூடாது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஏற்காடோ ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். கட்டிடத் தளத்தில் வேலை பார்க்கும்போதும் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசு. ஹெல்மெட் இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே, அது கன்னத்தை மறைப்பதில்லை.

தள்ளுபடித் தேதி போனால் போகட்டும் கண்ணு. நீ வந்து சேரும் தேதியையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும், அந்த டியூப்பின் பின்பக்கப் படத்தையும் அனுப்பு. அதற்குள் இங்கே இரண்டு மருத்துவர்களின் பதிவு எண்களைச் சரிபார்த்து, முன்பதிவு வேண்டுமா என்பதையும் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா